பன்னிரண்டு தரும்னு சொன்னாங்க: பழைய ஸ்போர்ட்ஸ் காரும் உங்க மாசச் சம்பளமும்

"அண்ணே, லிட்டருக்குப் பன்னிரண்டு தரும்னு சொன்னாங்க."

போன பொங்கலுக்கு ஆழ்வார்குறிச்சியில் எங்க வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திட்டு என் சித்தி பையன் சொன்ன முதல் வார்த்தை இது. வண்டி, 1996 மாடல் கான்டெஸ்ஸா கிளாசிக். கருப்பு கலர். தெருவில் இருந்த சின்னப் பையன்கள் எல்லாம் பட்டத்தை விட்டுட்டு வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

தம்பிக்குச் சென்னையில் ஐ.டி. வேலை. கைக்கு வருவது 58,000 ரூபாய். வண்டி விலை 4.5 லட்சம். கையிலிருந்து 50,000 போட்டு, மீதி 4 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில் 4 வருஷ பர்சனல் லோன். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான். சி.ஏ. படிச்சவனிடம் வாங்குவதற்கு முன்னாடி கேட்பவர்கள் குறைவு, வாங்கிட்டு வந்து "சரியா அண்ணே?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தப்பா வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அம்பாசமுத்திரத்தில் ஒரு முதலாளி வீட்டில் பதினோரு வருஷம் இதே கான்டெஸ்ஸாதான் ஓட்டினார் அவர். தம்பி ஏன் வாங்கினான் என்று அப்புறம் நான் கேட்கவில்லை.

"பன்னிரண்டா? யாரு சொன்னா? எட்டரை, ஒம்போது. அதுக்கு மேல குடுக்காதுலே" என்றார் சித்தப்பா. தம்பி காதில் அது விழுந்த மாதிரியே தெரியலை.

சரி, வாய்ச்சண்டை எதுக்கு, அளந்தே பார்த்துடுவோம்னு முடிவு பண்ணினோம். அளக்கிற முறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனால் ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. ஃபுல் டேங்க் போடணும், பம்ப் தானாக நிற்கிற இடத்தோடு நிறுத்தணும். "ரவுண்டா போட்டுரவா சார்?" என்று பங்கில் கேட்பார்கள், வேண்டாம். ஓட்டி முடிச்சு மறுபடி அதே மாதிரி நிரப்பணும். இரண்டாவது தடவை எத்தனை லிட்டர் உள்ளே போச்சோ, அதால் ஓடிய கிலோமீட்டரை வகுக்கணும். கிலோமீட்டருக்கு வண்டி மீட்டரை நம்ப வேண்டாம், போனில் ஜி.பி.எஸ். வைத்துக்கொள்ளுங்க. இந்தக் காருக்கு முந்தைய ஓனர் அழகுக்காக வேறு அளவு அலாய் வீலும் டயரும் போட்டிருந்தார். டயர் சுற்றளவு மாறினால் ஓடோமீட்டர் சொல்வது பொய்க்கணக்கு ஆகிவிடும்.

கிடைத்த கணக்கு இது. சென்னையிலிருந்து ஊருக்கு நாலு வழிச் சாலையில், 80-ஐத் தாண்டாமல் வந்தது: 618 கி.மீ., 57.2 லிட்டர். லிட்டருக்கு 10.8. ஊரில் பொங்கல் நாட்களில் அம்பை, கல்லிடைக்குறிச்சி, சிவசைலம் என்று துண்டு துண்டாக ஓட்டியது: 131 கி.மீ., 18.2 லிட்டர். 7.2. லீவு முடிந்து போய் சென்னைக்குள்ளேயே ஓட்டிட்டு தம்பி பில்லைப் படம் எடுத்து அனுப்பியது: 212 கி.மீ., 31.2 லிட்டர். 6.8.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 8.3 வரும். அப்படி வகுக்கக் கூடாது. மொத்த கிலோமீட்டர் 961, மொத்த பெட்ரோல் 106.6 லிட்டர், அப்போ 9.0. சராசரிகளின் சராசரி எடுக்கிற தப்பை மியூச்சுவல் ஃபண்ட் ரிட்டர்ன் பார்க்கும்போதும் நம்ம ஆட்கள் செய்வார்கள், அதான் சொன்னேன். ஆனால் தம்பிக்கு வேண்டிய எண் 9.0 கூட கிடையாது. அவன் மாசத்தில் முக்கால்வாசி ஓட்டப் போவது சென்னைக்குள். அவனுடைய எண் 7.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது?

விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் மைலேஜ் எண்கள் எல்லாமே எங்கேயோ, எப்போதோ, யாரோ ஓட்டியது. வெளிநாட்டு வீடியோ பார்த்து வாங்குபவர்களுக்கு இன்னொரு குழியும் இருக்கு. அவர்கள் கேலனில் பேசுவார்கள். பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர், அமெரிக்க கேலன் 3.79 லிட்டர். "கேலனுக்கு 30 மைல்" என்று லண்டன்காரர் சொன்னால் நம் கணக்கில் லிட்டருக்கு 10.6 கி.மீ.; அதையே அமெரிக்காக்காரர் சொன்னால் 12.8. ஒரே 30, இரண்டு கி.மீ. வித்தியாசம்.

இதுக்கு நம்ம ஊர் உதாரணமே ஒண்ணு இருக்கு. 1950-களில் இங்கிலாந்தில் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். 1,991 சி.சி. எஞ்சின், ஸ்டான்டர்ட் வேன்கார்ட் காரிலிருந்து எடுத்தது. அதே குடும்பத்து எஞ்சினை ஃபெர்குசன் டிராக்டரிலும் வைத்தார்கள்! 1954-இல் 'தி மோட்டார்' பத்திரிகை ஓவர்டிரைவ் வைத்த டி.ஆர்.2-வை சோதித்தபோது பிரிட்டிஷ் கேலனுக்கு 34.5 மைல் கிடைத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 12.2. மணிக்கு 170 கி.மீ. தாண்டுகிற ஸ்போர்ட்ஸ் காருக்கு அது நல்ல மைலேஜ். காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, தரையோடு தரையாக இருக்கும், ஓவர்டிரைவ் போட்டால் எஞ்சின் நிதானமாகச் சுற்றும்.

முப்பது வருஷம் கழித்து, 1985-இல் சென்னையில் ஸ்டான்டர்ட் மோட்டார்ஸ் அந்தப் பழைய வேன்கார்ட் வழி எஞ்சினையே எடுத்து, ரோவர் எஸ்.டி.1 என்ற பெரிய காரின் உடம்புக்குள் வைத்து 'ஸ்டான்டர்ட் 2000' என்று விற்றது. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி அம்சமாக இருக்கும். இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் வரைக்கும் கொடுத்தார்கள். 1977-க்கான ஐரோப்பிய சிறந்த கார் விருது வாங்கிய வண்டி அது. இங்கே வந்தது டி.ஆர்.2 காலத்து எஞ்சின், பெரிய உடம்பு, நம்ம ரோட்டுக்காக உயர்த்திய சஸ்பென்ஷன். விலையும் அதிகம், பெட்ரோலும் குடிக்கும் என்று பெயர் வாங்கி, 1988-இல் தயாரிப்பே நின்றுபோச்சு. எஞ்சின் சி.சி.யைப் பார்த்து மைலேஜ் சொல்பவர்களுக்கு நான் இந்த இரண்டு காரையும்தான் காட்டுவேன். எடை, கியர், வேகம், ரோடு எல்லாம் மாறினால் எண்ணும் மாறிடும்.

(மோட்டார் சமாச்சாரம் எங்க ஊருக்குப் புதுசு இல்லை என்று ஒரு சின்னப் பெருமை. சிம்சன் கம்பெனியை வளர்த்து, 1938-இல் அமால்கமேஷன்ஸ் குழுமத்தை உருவாக்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர். இந்தியா பிஸ்டன்ஸ், டஃபே டிராக்டர் எல்லாம் அந்தக் குழுமம்தான். பிஸ்டன் செய்தவர் பிறந்த ஊரில் நின்றுகொண்டு பொய் மைலேஜ் பேச எனக்குக் கூச்சம்.)

கான்டெஸ்ஸாவை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் வெளிநாட்டுக்காரர் சிரிப்பார், அதுவும் சரிதான். அது வாக்ஸ்ஹால் விக்டர் என்ற பிரிட்டிஷ் குடும்பக் காரின் வழி வந்தது. முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள், இழுக்கவே இழுக்காது. அப்புறம்தான் இசுசு 1.8 லிட்டரும் ஐந்து கியரும் வந்தது. லைசென்ஸ் ராஜ் காலத்தில் நமக்குக் கிடைத்த ஸ்போர்ட்ஸ் இவ்வளவுதான். இப்போது இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள் அதை 'இந்தியன் மசில் கார்' என்று தேடித் தேடி வாங்குகிறார்கள், விலையும் ஏறிக்கிட்டே போகுது.

இதில் புதுசாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கு. இப்போது பங்கில் நீங்க போடுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சக்தி குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்கு ட்யூன் செய்த நாலு சக்கர வண்டிகளில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தம்பியின் 7-இல் அது அரை கிலோமீட்டர். அதைவிட என் கவலை பழைய ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் வாஷரும்தான். எத்தனாலுக்குத் தாங்காத ரப்பர் ஊறி வெடிக்கும். பெட்ரோல் ஒழுகினால் மைலேஜ் போவது மட்டும் பிரச்சினை இல்லை, தீ பிடிக்கிற விஷயம் அது. வாங்கிய அன்றைக்கே ஹோஸ் எல்லாம் மாத்திடுங்க.

இப்போ பணத்துக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வச்சுக்குவோம். தம்பி மாசம் 250 கி.மீ. ஓட்டுகிறான், வருஷத்துக்கு 3,000. லிட்டருக்கு 7 கொடுத்தால் வருஷப் பெட்ரோல் செலவு 42,857 ரூபாய். விற்றவர் சொன்ன 12 உண்மையாகவே கிடைத்திருந்தால் 25,000. வித்தியாசம் கிட்டத்தட்ட 18,000 ரூபாய். மாசத்துக்கு 1,500. தம்பி இந்த 1,500-க்குத்தான் முகம் வாடி உட்கார்ந்திருந்தான்.

நான் மற்ற செலவைக் காட்டினேன். இ.எம்.ஐ. மாசம் 10,930, வருஷத்துக்கு 1,31,160. சென்னையில் கார் நிறுத்த ஷெட் வாடகை மாசம் 2,500, வருஷம் 30,000. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022-இல் அறிவித்த கட்டணப்படி 7,897, ஜி.எஸ்.டி. சேர்த்து 9,318. 20 வருஷத்துக்கு மேலான காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 2025-இல் 10,000 ஆக்கிட்டாங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. வருஷக் கணக்கில் 2,000. பசுமை வரி தனி, அதை விட்டுடுவோம். முதல் வருஷம் ரேடியேட்டர், கார்புரேட்டர், ஹோஸ், பிரேக் என்று மெக்கானிக்கிடம் போனது 42,000.

கூட்டினால் பெட்ரோல் இல்லாமலே 2,14,478. இதோடு பெட்ரோலைச் சேர்த்து 3,000 கி.மீ.யால் வகுங்க. லிட்டருக்கு 7 கொடுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 86 ரூபாய். 12 கொடுத்தால் 80 ரூபாய். அந்த 6 ரூபாயைப் பற்றித்தான் ஊரே பேசுது. மீதி 80 ரூபாயைப் பற்றி யாரும் கேட்கலை.

"இ.எம்.ஐ.யில் அசல் எப்படி செலவாகும்? அது சொத்து ஆச்சே" என்று சி.ஏ. படிக்கிற தம்பி தங்கச்சிங்க கேட்பீங்க. புத்தகப்படி சரி. ஆனால் 58,000-இல் 10,930 ஒவ்வொரு மாசமும் ஐந்தாம் தேதி வெளியே போகுது, அது புத்தகம் பார்த்துப் போவதில்லை. நாலு வருஷத்தில் வட்டி மட்டும் சுமார் 1,24,700. வண்டி விலை ஏறும் என்பது நம்பிக்கை, வட்டி ஒப்பந்தம். பழைய காரைப் பர்சனல் லோனில் வாங்குவதை நான் எந்த மைலேஜுக்கும் ஆதரிக்க மாட்டேன். லிட்டருக்கு 30 கொடுத்தாலும் சரி.

ஒரு இடத்தில் மட்டும் மைலேஜ் உங்களைக் கொன்றுடும்: தினமும் ஆபீஸுக்கு அதையே ஓட்டினால். போக வர 40 கி.மீ., மாசம் 22 நாள், 880 கி.மீ. லிட்டருக்கு 6.8 என்றால் மாசப் பெட்ரோல் 12,941 ரூபாய். நிஜத்தில் 15 கொடுக்கிற சாதாரண ஹேட்ச்பேக் என்றால் 5,867. மாசம் 7,000-க்கு மேல் வித்தியாசம். ஒரு நல்ல எஸ்.ஐ.பி. அது. அதனால் என்னிடம் "அண்ணா, இந்தப் பழைய காருக்கு மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்டால், பதிலுக்கு "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்றுதான் கேட்பேன். 300-க்குக் கீழே என்றால் மைலேஜை விடுங்க, ஷெட்டையும் மெக்கானிக்கையும் பாருங்க. 800 என்றால் வாங்காதீங்க.

'விண்டேஜ்' என்ற வார்த்தையிலும் கவனம் வேணும். விற்பவர் இருபது வருஷ வண்டியையும் விண்டேஜ் என்பார். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 50 வருஷம் தாண்டி, அடிப்படையில் மாற்றம் செய்யாமல் இருந்தால்தான் விண்டேஜ். அப்படிப் பதிவு செய்தால் 'வி.ஏ.' என்று எழுத்து போட்ட தனி நம்பர் கிடைக்கும், மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் பாதி தள்ளுபடியும் உண்டு. ஆனால் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். ஆபீஸ் போக விண்டேஜ் கார் என்ற கனவு சட்டத்திலேயே கிடையாது.

வருமான வரியில் இதுக்கு ஒரு சுவாரசியமான தொடர்ச்சி இருக்கு. நீங்க சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற காரை லாபத்துக்கு விற்றால், அது 'சொந்த உபயோகப் பொருள்' என்பதால் மூலதன ஆதாய வரி வராது. நஷ்டம் வந்தாலும் கழிக்க முடியாது. ஆனால் 'சொந்த உபயோகம்' என்று வாயால் சொன்னால் போதுமா? ஒருவர் 1931 மாடல் ஃபோர்டு டூரர் ஒன்றை 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பின்னாளில் 21 லட்சத்துக்கு விற்றார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2025-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது: உபயோகிக்கக் கூடிய பொருள் என்பது போதாது, உண்மையிலேயே சொந்த உபயோகத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை, லாபத்துக்கு வரி. கார் என்றாலே வரி இல்லை என்று நினைத்து முதலீடாக வாங்கி ஷெட்டில் மூடி வைப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கணும்.

உபயோகத்தை எப்படிக் காட்டுவது? பெட்ரோல் பில். சர்வீஸ் பில். தேதி, கிலோமீட்டர், லிட்டர் எழுதிய ஒரு நோட்டு. மைலேஜ் பார்க்க எழுதுகிற அதே நோட்டுதான் நாளைக்கு ஆதாரமாகவும் நிற்கும். என் கிளையன்ட்டுகளில் பழைய வண்டி வைத்திருக்கிற மூன்று பேரையும் எழுத வைத்திருக்கிறேன்.

தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். போனில் ஒரு ஆப் போட்டுக்கிறேன் என்றான். அப்போதுதான் சித்தப்பா உள்ளே போய், பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். முதலாளிக்குக் கணக்கு காட்ட அந்தக் காலத்தில் எழுதியது. தேதி, போன ஊர், கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். குற்றாலம், திருச்செந்தூர், மதுரை. ஓரத்தில் பென்சிலால் மைலேஜ்: 8.6, 9.1, 8.8, 9.0. ஒரு இடத்தில் 7.4 என்று இருந்தது, பக்கத்தில் 'பாயிண்ட் மாத்தணும்' என்று குறிப்பு.

எங்கள் மூன்று பில்லுக்கு 9.0. சித்தப்பா வாசலிலேயே சொன்ன எண்.

"சொன்னேன்லா" என்று மட்டும் சொன்னார்.

லோன் விஷயத்துக்கு ஒரு வழி பண்ணியிருக்கிறோம். தம்பிக்கு மார்ச்சில் போனஸ் வரும். அதை முழுசாக அசலில் கட்டுவது, அதுக்கு முன்னாடி முன்கூட்டியே கட்டினால் எவ்வளவு கட்டணம் என்று லோன் பேப்பரில் பார்ப்பது. ஷெட் வாடகையை நிறுத்தியாச்சு. வண்டி இப்போ ஆழ்வார்குறிச்சியிலேயே நிற்குது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா சித்தியை ஏற்றிக்கொண்டு சிவசைலம் கோயிலுக்குப் போய் வருகிறார். அந்தப் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களிலேயே எழுதுகிறார். கடைசியாக நான் பார்த்தபோது 7.6 என்று இருந்தது, பக்கத்தில் பென்சிலால் 'சோக் இறங்கலை' என்று.